வலி போச்சு... தசை திரும்பியதா?

முதுகுவலி குறைந்ததும் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சியை நிறுத்திடறோம். சிக்கலே அங்கேதான். முதுகெலும்பை ஒட்டி ஆழத்தில் இருக்கும் மல்டிஃபிடஸ் தசை, நாம் குனியும்போதும் திரும்பும்போதும் எலும்புகளை நிலையாகப் பிடித்துக்கொள்ள உதவுகிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முதன்முறையாக முதுகுவலி வந்த 39 பேரை அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் கவனித்தார்கள். 1996-ல் வெளியான முடிவு: வலி போனாலும், சுருங்கிய அந்தத் தசை தானாக மீளவில்லை, அதற்கென்றே பயிற்சி செய்தவர்களுக்கு மீண்டது. 2001-ல் வந்த தொடர் ஆய்வில், ஓராண்டுக்குள் வலி திரும்பியவர்கள் பயிற்சி செய்தோரில் 30 சதவீதம். செய்யாதோரில் 84 சதவீதம். சிறிய ஆய்வுதான், ஆனால் ஒதுக்கிவிடக்கூடிய வித்தியாசம் இல்லை. அதனால், வலி நின்னுடுச்சேன்னு நீங்களே நிறுத்தாதீங்க. பிசியோதெரபிஸ்ட் 'போதும்' என்று சொல்லட்டும்.