பழைய காரை விற்பதா, நீங்களே கவனித்துக்கொள்வதா?

"வித்துட்டு வேற வண்டி பாருங்க சார்." 15 வயதான காரை எஃப்.சி.க்குத் தயார் செய்யப் போனால் பலருக்கும் கிடைக்கும் யோசனை இது. கட்டணமும் பயமுறுத்துகிறது. 15 ஆண்டுகளைக் கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம், 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயானது. 20 ஆண்டுகளைத் தாண்டிய காருக்கு 10,000 ரூபாய் என 2025 ஆகஸ்டில் அறிவித்தார்கள். ஆனால், இது ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் செலவு. புதுக் காருக்கு மாதாமாதம் தவணை கட்ட வேண்டும். பழைய வண்டியில் கையைக் கடிப்பது, சின்னதாக இருந்தபோது கவனிக்காமல் விட்ட வேலைகள்தான். அவற்றில் பலவற்றை ஓனரே பார்த்துக்கொள்ளலாம்.

மஞ்சக்குப்பத்தில் முதல் எதிரி துரு. கிழக்கே தேவனாம்பட்டினம் கடற்கரை, காற்றிலேயே உப்பு. ஞாயிற்றுக்கிழமை மேலே பளபளவென்று துடைப்பவர்கள் அடிப்பக்கத்தை எட்டிப் பார்ப்பதில்லை. கதவுகளின் கீழ் விளிம்பில் தண்ணீர் வடிய சிறு ஓட்டைகள் இருக்கும். அதில் மண் அடைத்தால் கதவு உள்ளிருந்தே அரிக்கும். ஒரு குச்சியால் குத்திவிட்டு, அடியில் நல்ல தண்ணீர் பீய்ச்சினால் போதும். மிதியடியைத் தூக்கித் தரையில் ஈரம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். டிங்கரிங், பெயின்டிங் என்று போய்விட்டால் பில் எகிறிவிடும்.

பேட்டரி முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. உடனே புது பேட்டரி வாங்க ஓட வேண்டியதில்லை. நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்றி, ஆப்ப சோடா கரைத்த நீரால் தேய்த்துத் துடைத்து, வாசலின் தடவி, நெகட்டிவைக் கடைசியாக மாட்டலாம். சோடா நீர் பேட்டரிக்குள் இறங்கிவிடக் கூடாது.

இந்த ஊர்க்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது வெள்ளப் பாடம். 2015இலும், ஃபெஞ்சல் புயலை அடுத்து 2024 டிசம்பரில் தென்பெண்ணை பெருகியபோதும் கடலூர் தண்ணீரில் தத்தளித்தது. முங்கிய காரில் சாவியைத் திருப்பவே கூடாது. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் காற்றைப் போல அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆயில் குச்சியை உருவிப் பார்த்து, பால் காப்பி நிறத்தில் இருந்தால் கட்டி இழுத்துச் செல்வதே லாபம். இந்த ஒரு விஷயம் தெரிந்தால் இன்ஜினே மிஞ்சும்.

இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு வந்துவிட்டது. 1983 டிசம்பரில் அறிமுகமாகி, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற மாருதி 800 போன்ற வண்டிகள் அதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. பெட்ரோல் போகும் ரப்பர் குழாயில் வெடிப்போ, வாடையோ இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்ப்பது நல்லது. சந்தேகம் வந்தால் குழாயை மாற்றிவிட வேண்டும். தீ விபத்தோடு விளையாட முடியாது.

எல்லாவற்றையும் வீட்டு வாசலிலேயே செய்யலாம் என்பது வீம்பு. பிரேக், ஸ்டீயரிங், டைமிங் பெல்ட் எல்லாம் மெக்கானிக் வேலை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பது தற்கொலைக்குச் சமம். ஆனால், எந்த நேரத்தில், எந்தப் பக்கம் சத்தம் வருகிறது என்று சொல்லத் தெரிந்த ஓனரிடம் மெக்கானிக்கும் காரணம் சொல்லித்தான் பாகத்தை மாற்றுவார். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதிலும் தப்பில்லை.

அடித்தளத் தகடே உளுத்து, ஸ்க்ரூடிரைவர் குத்தினால் உள்ளே போகிறது என்றால் கதை வேறு. அந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்றக் கூடாது. அப்போது விற்பதுகூடச் சரியில்லை, ஸ்கிராப்புக்குத்தான் அனுப்ப வேண்டும்.