இரட்டைக் குட்டி ஊசியில் இல்லை!

முசரவாக்கம் இருக்கிற காஞ்சிபுரம் மாவட்டம், பக்கத்துச் செங்கல்பட்டு, திருவள்ளூர்... இதெல்லாம் சென்னைச் சிவப்பு செம்மறியின் சொந்த ஊர். நல்ல ஆடுதான். ஆனால் ஒரு ஈத்துக்குப் பெரும்பாலும் ஒரே குட்டி. உடனே ஒரு யோசனை வரும்: "ஹார்மோன் ஊசி போடுங்க, இரட்டையா விழும்!"

ஊசி பொய்யில்லை. புரோஜெஸ்டிரோன் கலந்த பஞ்சை 12 முதல் 14 நாள் பெட்டையின் பிறப்புறுப்பில் வைத்து, எடுத்ததும் பி.எம்.எஸ்.ஜி. ஊசி போட்டால் மந்தையே ஒன்றாகப் பருவத்துக்கு வரும். ஊசியின் அளவு கூடினால் கருமுட்டையும் கூடும். ஆனால் அந்த ஈத்தோடு கதை முடிந்தது. பிறக்கிற குட்டிக்கு அதில் ஒன்றும் போய்ச் சேராது. அடுத்த முறை மறுபடி ஊசி, மறுபடி செலவு. இதற்குப் பெயர் முதலீடா, வாடகையா?

மரபணு அப்படியில்லை. மேற்கு வங்கச் சுந்தரவனத்தில் கரோல் என்றொரு குட்டை ஆடு உண்டு. இரண்டு, மூன்று குட்டி அதற்குச் சர்வசாதாரணம். காரணம் ஃபெக்-பி என்கிற மரபணு மாற்றம். அது இன்ன மரபணுவில் இருக்கிறது என்று 2001ல் கண்டுபிடித்தார்கள். மகாராஷ்டிராவின் பல்டனில் உள்ள நிம்பகர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் அதைத் தக்காணி ஆட்டுக்குள் கொண்டுவந்து 'நாரி சுவர்ணா'வை உருவாக்கியது. அந்த மரபணு வெளிநாட்டுச் சரக்கு இல்லை சார், நம் நாட்டு ஆட்டினுடையது!

"மூன்று குட்டி போட்டால் பால் எங்கே?" நியாயமான கேள்வி. மேய்ச்சலை நம்பிய மந்தைக்கு மூன்று குட்டி பாரம்தான். அதனால்தான் தாய், தகப்பன் இரண்டு பக்கமும் வராமல் ஒரு பக்கம் மட்டும் வந்தால் போதும் என்கிறார்கள். அப்போது பெரும்பாலும் இரட்டையோடு நிற்கும்.

இங்கே நடப்பது என்ன? நன்றாக வளர்ந்த கிடாக்குட்டி பக்ரீத்துக்கோ ஆடி மாதத்துக்கோ முதலில் விலை போகிறது. விற்காமல் தங்கியதுதான் 25, 30 பெட்டைகளுக்கு மாப்பிள்ளை! அதன் மகள்கள்தான் நாளைய மந்தை. மந்தையில் பாதிக் குணம் அந்த ஒரு கிடா கொடுத்தது. ஆனாலும் பழி மட்டும் பெட்டை மேல்.

2011ல் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டம் குடும்பத்துக்கு 4 ஆடு கொடுத்தது. ஊருக்கு ஒரு பரிசோதித்த கிடா கொடுத்தால் என்ன? மரபணு இருக்கிறதா என்று ரத்தத்தை எடுத்தே பார்த்துவிடலாம். அது வரும்வரை, இரட்டை ஈன்று இரண்டையும் காப்பாற்றிய தாயின் கிடாக்குட்டியையாவது விற்காமல் நிறுத்துங்கள். பலன் மெதுவாகத்தான் வரும். ஆனால் வந்தது மந்தையிலேயே தங்கும்.