குளிர் வருமுன் பார்க்க வேண்டிய யந்திரம்

மார்கழி, தை மாதங்களின் பின்னிரவில் வில்பத்துக் காட்டைக் கடந்து வரும் வடகீழ்க் காற்றுக்கு ஒரு போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, விடிந்ததும் ஒரு கோப்பைத் தேநீரோடு அந்தக் குளிரையே மறந்துவிடுகிற இயல்பு படைத்தவர்கள் கரைத்தீவு வாசிகளாகிய நாங்கள். (அம்பாறை மாவட்டத்துக் கரைதீவை நினைத்துவிட வேண்டாம், விபுலாநந்த அடிகள் பிறந்த பெருமை அவ்வூருக்குரியது. நான் சொல்வது புத்தளத்துக்கு வடக்கே, வண்ணாத்திவில்லுப் பக்கத்துக் கரைத்தீவை.) வெப்பமானி இருபது பாகைக்குச் சற்றுக் கீழே இறங்கினால் ஊரெல்லாம் அதையே பேசுகின்ற இந்தக் கரையோரத்தில், வீட்டுக்குள் உஷ்ணம் உண்டாக்குவதற்கென்றே ஒரு யந்திரம் உண்டென்பதும், அதற்கு வருஷந்தோறும் பரிகாரம் பார்க்க வேண்டுமென்பதும் ஒரு பத்திரிகையில் விவாதிக்கத்தக்க விஷயமாக எவருக்கும் தோன்றாதது ஆச்சரியமன்று. ஆயினும் அது எங்களுடைய விஷயமாகிப் பல காலமாயிற்று என்பதே என் அபிப்பிராயம்.

இம்மாவட்டத்தின் தெற்கே வென்னப்புவைப் பகுதியிலிருந்து இத்தாலிக்குப் போய்க் குடியேறியவர்களால் அங்குள்ள தெருக்களின் தோற்றமே மாறிப்போயிருப்பதை எவரும் காணலாம். தமிழ் பேசுவோர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் ஒஸ்லோவிலும் பரந்து வாழ்வது உலகறிந்த செய்தி. போகிறவனுக்குக் கம்பளிச் சட்டை வாங்கிக் கொடுக்கிறோம், மிளகாய்த்தூளும் கருவாடும் கட்டிக் கொடுக்கிறோம், போய்ச் சேர்ந்த பிறகு தொலைபேசியில், "அங்க குளிரா மகன்?" என்று கேட்கிறோம். "வீட்டுக்குள்ள ஹீற்றர் இருக்கு உம்மா, பயமில்ல" என்று அவன் சொன்னவுடன் எங்கள் விசாரணை திருப்தியோடு முடிந்துவிடுகிறது. அந்த ஹீற்றரைக் கடைசியாக யார், எப்போது திறந்து பார்த்தார்கள் என்று கேட்கும் அறிவு எங்களுக்கு இல்லை. கேட்டாலும் பதில் சொல்லும் அறிவு அவனுக்கும் பெரும்பாலும் இல்லை.

பருவம் வருமுன் ஆயத்தம் செய்வது எங்களுக்குத் தெரியாத வித்தையன்று. எங்கள் களப்புக்கு அப்பால் கற்பிட்டிக் குடாநாட்டில், நுரைச்சோலையில் நிற்கிற அனல்மின் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தலா 300 மெகாவாட் வீதம் மூன்று அலகுகளைக் கொண்ட அந்நிலையத்துக்கு வேண்டிய நிலக்கரி கப்பலில் வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிப்பதனால் அதை இறக்க இயலாது. ஆகவே கடல் அமைதியாயிருக்கும் மாதங்களிலேயே பின்னால் வேண்டியதையும் இறக்கி மலைபோலக் குவித்து வைத்துவிடுகிறார்கள். அலகுகளை முறைவைத்து நிறுத்திப் பராமரிக்கும்போது, மின்சாரம் என்னாகுமோ என்று பத்திரிகைகள் முணுமுணுப்பதுண்டு. ஆனால் நிறுத்திப் பார்க்காத கொதிகலன் தன் சௌகரியப்படி, நமக்கு அதி அவசியமான நேரத்தில் தானே நின்றுவிடும் என்பது பொறியியலாளர் யாவரும் அறிந்த உண்மை. கனடாவில் ஒரு வீட்டின் நிலவறையில் இருக்கும் சிறு யந்திரத்துக்கும் அதே நியாயம்தான். ஆவணி, புரட்டாசியில் அதைப் பார்க்க ஆள் கிடைப்பான், சாவதானமாகவும் பார்ப்பான். வெளியே பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகை என்ற இரவில் நகரமே அவனைத் தேடிக்கொண்டிருக்கும்.

அந்த யந்திரங்களைப் பற்றிச் சிறிது விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் பயமும் அசிரத்தையும் ஆகிய இரண்டுமே அறியாமையிலிருந்துதான் பிறக்கின்றன. ரொறன்ரோ வீடுகளில் பெரும்பாலும் இருப்பது ஃபேர்னஸ். எரிவாயுவை எரித்து, அந்தச் சூட்டை ஓர் உலோகக் கூட்டின் வழியே காற்றுக்கு ஏற்றி, விசிறியினால் குழாய்கள் மூலம் அறைகளுக்கு அனுப்புகிற அமைப்பு அது. இதில் குடியிருப்பவன் தன் கையாலேயே செய்யத்தக்க முதற் காரியம் ஃபில்ரரை மாற்றுவது. ஓர் அங்குலக் கனமுள்ள ஃபில்ரரை ஒன்று முதல் மூன்று மாதத்துக்கொருமுறை மாற்றச் சொல்கிறார்கள். தாளிப்பும் பொரியலும் நாள்தோறும் நடக்கிற எங்கள் வீடுகளில் மூன்று மாதம் பொறுத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஃபில்ரரின் அட்டைச் சட்டத்தில் ஓர் அம்புக்குறி அச்சிட்டிருக்கும். காற்று ஓடும் திசையைக் காட்டும் அந்தக் குறி யந்திரத்தை நோக்கி இருக்க வேண்டும். இதைக் கவனியாமல் தலைமாற்றிச் செருகி வைப்போர் பலர். ஃபில்ரர் அடைபட்டால் காற்றோட்டம் குறையும்; உலோகக் கூடு அளவுக்கு மீறிக் கொதிக்கும்; காவலுக்கு வைத்த ஆளி எரிதலை நிறுத்திவிடும்; ஆறியதும் மறுபடி எரியும், மறுபடி நிற்கும். இப்படியே பல குளிர்காலங்கள் கழிந்தால் அந்தக் கூடு வெடிப்பு விடலாம். வெடிப்பு விட்ட கூட்டின் வழியே என்ன கசியக்கூடும் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

யந்திரம் பற்றிக்கொள்கிறது, சில விநாடி எரிகிறது, அணைந்துவிடுகிறது, திரும்பவும் முயல்கிறது என்றால், சுடர் இருக்கிறதா என்று உணர்வதற்காக அச்சுடருக்குள்ளேயே நீட்டி வைத்த மெல்லிய கம்பியில் அழுக்குப் படிந்திருப்பது வழக்கமான காரணம். தொழிலறிந்தவன் ஒருவன் கழற்றித் துடைத்து மாட்டுவதற்குச் சில நிமிஷங்களே போதும். ஆனால் அவனை அழைப்பதற்கு முன், சுவரிலிருந்து வீட்டின் உஷ்ணத்தைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்ரற்றின் பற்றரி இறந்துவிட்டதா, மின்பலகையில் அதற்குரிய ஆளி விழுந்துவிட்டதா என்று பார்ப்பது உசிதம். ஃபேர்னஸுக்குப் பக்கத்தில் சாதாரண விளக்குச் சுவிச்சைப் போலவே ஒரு சுவிச் இருக்கும். வெளிச்சத்துக்கென்று யாராவது அதைத் தட்டி அணைத்துவிட்டார்களா என்பதையும் பார்க்க வேண்டும். நிலவறையில் சாமான் தேடப் போனவர் அந்தச் சுவிச்சை அணைத்துவிட்டு வந்ததனால் மேலே ஒரு குடும்பம் முழுவதும் நடுங்கிக்கொண்டிருப்பது நகைப்புக்கிடமானதாயினும் நடக்காத காரியமன்று. புதிய வகை ஃபேர்னஸ்களின் காற்றுக் குழாயும் புகைக் குழாயும் வீட்டுச் சுவரின் பக்கவாட்டில் தரையிலிருந்து அதிக உயரமில்லாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பெரும் பனி பெய்த காலையில் வாசலைச் சுரண்டுமுன் அந்தக் குழாய்களின் வாயைச் சுரண்ட வேண்டும். தரையிலுள்ள காற்றுத் துவாரத்தின் மேல் சோபாவைப் போட்டு மூடிவிட்டு, அறை சூடேறவில்லை என்று குறை சொல்வதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

லண்டனில் கதை வேறு. அங்கே பொயிலர் தண்ணீரைச் சூடாக்கி, அறைதோறும் சுவரோடு பொருத்திய ரேடியேற்றர்களுக்கு அனுப்புகிறது. ரேடியேற்றரின் மேற்புறம் குளிர்ந்தும் கீழ்ப்புறம் சூடாகவும் இருந்தால் உள்ளே காற்று அடைபட்டிருக்கிறது. கீழ்ப்புறம் குளிர்ந்து மேற்புறம் சூடாக இருந்தால் அடியில் கறுப்புச் சேறு படிந்திருக்கிறது. முன்னதைக் குடியிருப்பவனே தீர்க்கலாம். வெப்பத்தை அணைத்து ஆறவிட்டு, மேல்மூலையிலுள்ள சிறு திருகில் அதற்கென்றுள்ள சாவியைப் பொருத்தி, அரைச் சுற்றுக்கு மேல் போகாமல் திருப்பினால், உஸ்ஸென்ற சத்தத்தோடு காற்று வெளியேறும். சத்தம் ஓய்ந்து நீர்த்துளி எட்டிப் பார்த்தவுடன் மூடிவிட வேண்டும். ஒரு பழந்துணியைக் கீழே பிடித்துக்கொள்ளாதவனுடைய கம்பளத்தில் அந்தக் கறுப்பு நீர் தன் ஞாபகத்தை வைத்துவிட்டுப் போகும். பிறகு பொயிலரின் அழுத்தமானியைப் பார்க்க வேண்டும். ஆறியிருக்கும்போது முள் ஒன்றுக்கும் ஒன்றரை பாருக்கும் இடையில் நிற்பது முறை. அடிக்கடி நீர் ஏற்ற வேண்டியிருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம். அது தொழிலாளியின் காரியம்.

2005 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் புதிதாகப் பொருத்தும் எரிவாயுப் பொயிலர்கள் அனேகமாக யாவும், புகையிலுள்ள நீராவியையும் ஒடுக்கி அதன் சூட்டையும் பயன்படுத்துகிற வகையாக இருக்க வேண்டுமென்று விதி வந்தது. அப்படி ஒடுங்கிய நீர் ஒரு பிளாஸ்ரிக் குழாய் வழியே வெளியே போகிறது; கடுங்குளிரில் அது உறைந்து அடைத்துக்கொள்ள, பொயிலர் குறுகுறுவென்று சத்தமிட்டு நின்றுவிடுகிறது. 2010 டிசெம்பரில் பிரித்தானியாவை வாட்டிய உறைகுளிரில் எத்தனையோ வீடுகள் இந்த ஒரு காரணத்தினாலேயே சூடிழந்தன. வெதுவெதுப்பான நீரை (கொதிநீரையன்று, கொதிநீர் குழாயைப் பிளந்துவிடும்) அந்தக் குழாயின்மேல் ஊற்றி உறைவைக் கரைத்து, மீட்டமைக்கும் பொத்தானை அமுக்கினால் பெரும்பாலும் உயிர்பெற்றுவிடும்.

இவ்வளவும் சௌகரியத்தைப் பற்றியவை. பிராணனைப் பற்றியது இனிமேல்தான்.

எரிபொருள் போதிய பிராணவாயு இல்லாமல் எரியும்போது உண்டாகிற காபனோரொட்சைட்டு என்ற வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை; வெடிப்பு விட்ட கூட்டின் வழியே கசியக்கூடியதென்று முன்னர் குறித்ததும் இதுவே. இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினோடு பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட நாட்டத்தோடு பற்றிக்கொள்ளும் அதன் முதல் அறிகுறிகள் தலைவலி, தலைச்சுற்று, குமட்டல் ஆகியவை. அதனால் தடிமன் காய்ச்சல் என்று நினைத்துப் படுத்துவிடுகிறார்கள். வீட்டிலுள்ள அனைவருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்து, வெளியே போனால் தெளிந்து, உள்ளே வந்தால் திரும்புமாயின் அது காய்ச்சலன்று. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், வூட்ஸ்ரொக் என்ற நகரில், 2008 டிசெம்பரில், லோரி ஹோக்கின்ஸ் என்ற பொலிஸ் உத்தியோகத்தரும் அவர் கணவரும் இரண்டு பிள்ளைகளும் இவ்வாறே மாண்டனர். எரிவாயுக் கணப்பின் புகைபோக்கி அடைபட்டிருந்தது, வீட்டில் எச்சரிக்கைக் கருவி இல்லை. அந்தக் குடும்பத்தின் பெயரால் 2013இல் ஒரு சட்டம் இயற்றி, அதற்கு அடுத்த ஆண்டில் அம்மாகாணத்து வீடுகளில் அக்கருவியைக் கட்டாயமாக்கினார்கள். சட்டங்களை அறிந்த ஒரு பொலிஸ் உத்தியோகத்தரின் வீட்டிலேயே இது நடந்ததென்றால், மொழியும் புதிது தேசமும் புதிது என்று போய் இறங்கிய எங்கள் பிள்ளையின் வீட்டைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

இவ்விடத்தில் எங்கள் பழக்கமே எங்களுக்குச் சத்துருவாகிறது. ஓட்டுக்கும் சுவருக்கும் இடையே கையை நுழைக்கத்தக்க இடைவெளி விட்டுக் கட்டிய வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். பிள்ளை பெற்றவளின் அறையில் நெருப்புச் சட்டி வைத்தோம்; சாம்பிராணி போட்டோம்; கரியின் புகை ஓட்டின் வழியே தானே போய்விட்டது. ஆகவே கரி நெருப்பு நிரபாயமானதென்று எங்கள் அனுபவம் எங்களுக்குக் கற்பித்துவிட்டது. குளிர்நாட்டு வீடோ காற்று நுழையாதபடி அடைத்துக் கட்டியது. அங்கே அந்த அனுபவத்தைக் கொண்டுபோவது மரணத்தைக் கொண்டுபோவதாகும். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். கொடைக்கானலில் 2024இல், இறைச்சி சுட்ட கரியடுப்பை அறைக்குள்ளேயே விட்டு உறங்கிய இளைஞர் இருவர் விடிந்து எழவில்லை. ஃபேர்னஸ் நின்றுபோன இரவில் சமையலறை அவணைத் திறந்து வைத்து அதன்முன் உட்காருவதும் இதே இனத்தைச் சேர்ந்த காரியந்தான்.

இனி, சிலருக்குக் கசக்கக்கூடிய ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புதிதாகப் போகிற எங்கள் பிள்ளைகள் வாடகைக்கு இருப்பது பெரும்பாலும் எங்களவர் வீட்டிலேதான், கனடாவானால் பேஸ்மென்றில். தெர்மோஸ்ரற் மேலே வீட்டுக்காரரின் கூடத்தில் இருக்கிறது; அவர் வேலைக்குப் போகும்போது எரிவாயுக் கட்டணத்தை நினைத்து அதைக் குறைத்துவிட்டுப் போகிறார்; கீழே இரவு வேலை முடித்து வந்து பகலில் உறங்குகிறவன் இரண்டு கம்பளிக்குள் சுருள்கிறான். கேட்டால், "தம்பி, நாங்கள் வந்த காலத்தில் இதைவிடக் கஷ்டப்பட்டோம்" என்று உபதேசம். எரிபொருள் விலை ஏறியிருப்பது உண்மை. வீட்டுக்கடனின் பாரமும் உண்மை. ஆயினும் ஒன்ராறியோவின் விதி, வெப்பம் தருவது வீட்டுக்காரரின் பொறுப்பாயிருக்கும் இடத்தில், செப்டெம்பர் 1 முதல் ஜூன் 15 வரை குடியிருக்கும் இடம் 20 பாகைக்குக் குறையாதிருக்க வேண்டுமென்று கட்டளையிடுகிறது. இதில் ஊர்க்காரன், உறவுக்காரன் என்ற விலக்கு ஏதும் எழுதப்பட்டிருக்கவில்லை. மிலான் போன்ற வட இத்தாலிய நகரங்களில் ஒக்டோபர் நடுப்பகுதி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை நாளொன்றுக்கு இத்தனை மணி நேரமே வெப்பமேற்றலாமென்று உச்ச வரம்பையே சட்டம் வகுத்திருக்கிறது. சிக்கனத்துக்கும் ஒரு முறை உண்டு, அது கீழ்வீட்டான் ஒருவன் தலையில் மட்டும் விழுவதன்று. அதிலும், ஃபில்ரரை மாற்றாமலும் யந்திரத்தைத் துடைப்பிக்காமலும் மிச்சம்பிடிக்கிற வீட்டுக்காரர், எரிவாயுக் கணக்கில் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார் என்பதையும் யோசிக்க வேண்டும்.

ஆகையால் இங்கிருக்கும் தாய் தந்தையருக்கு என் விண்ணப்பம் இது: குளிரா என்று மார்கழியில் கேட்பதை விட்டு, புரட்டாசியிலேயே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். யந்திரத்தைத் தகுதி பெற்றவர் இவ்வருஷம் பார்த்தாரா? உறங்கும் அறைக்கு அருகே நச்சுவாயு எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா, அதன் பொத்தானை அமுக்கிப் பார்த்தாயா? எரிவாயு மணத்தால் சுவிச் எதையும் தொடாமல் வெளியே வந்து அவசர உதவியை அழைக்க வேண்டுமென்று தெரியுமா? பொயிலரின் உள்மூடியைத் தானே கழற்றத் துணிகிற பிள்ளையாயிருந்தால் நாலாவதாக ஓர் அதட்டலும் சேர்த்துக்கொள்ளலாம்.

பிரித்தானியாவில் வாடகைக்கு இருப்பவருக்கு இன்னுமொன்று. எரிவாயுச் சாதனங்களை வீட்டுக்காரர் வருஷம் ஒருமுறை, 'காஸ் சேஃப்' பதிவேட்டிலுள்ள ஒருவரைக் கொண்டு சோதிப்பிக்க வேண்டுமென்பது 1998ஆம் ஆண்டு விதி. சோதனைப் பத்திரத்தின் பிரதியை 28 நாளுக்குள் குடியிருப்பவரிடம் கொடுக்கவும் வேண்டும். உறவுக்காரரிடம் பத்திரம் கேட்பது மரியாதையாகுமா என்று கூச்சப்படுகிறவர்கள் எங்களில் அநேகர். அந்தப் பிரதியைக் கேட்டு வாங்கிப் படமெடுத்து ஊருக்கு அனுப்பச் சொல்லுங்கள். கேட்கச் சொன்னது வாப்பா என்று பழியை எங்கள்மேல் போட்டுவிட்டால், அவனுடைய கூச்சமும் வீட்டுக்காரரின் கோபமும் ஐயாயிரம் மைலுக்கு இப்பால் வந்து சேர்வதில் எங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.