ஸ்கேன் அறைவரை ஒரு வழி வேண்டும்

கௌரவ சுகாதார அமைச்சர் அவர்களுக்கு,

பொல்பிட்டிய என்றதும் தங்களுக்கு நீர்மின் நிலையம் நினைவுக்கு வரலாம். நான் எழுதுவது சுற்றியுள்ள தோட்டங்களின் பிள்ளைகளைப் பற்றி.

விடிந்ததும் தலைவலி, வாந்தி எடுத்தால் கொஞ்சம் தணியும். பத்து மணிக்கெல்லாம் பிள்ளை விளையாடப் போய்விடும். பித்தம் என்பார்கள், பூச்சி மருந்து கொடுப்பார்கள், நூல் கட்டுவார்கள். சில வாரம் போனால் லயத்துப் படியில் இறங்கும்போது கால் தடுமாறும். இதெல்லாம் இருந்தாலே கட்டி என்றில்லை. ஆனால் சிறுமூளைப் பக்கம் வளரும் கட்டி மூளைநீர் ஓடும் வழியை அடைத்தால், பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இரத்தப் புற்றுக்கு அடுத்த இடம் மூளைக்கட்டிகளுக்குத்தான்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன், கட்டி இருக்கும் இடத்தோடு அதன் குணத்தையும் ஓரளவு காட்டிவிடும். மெடுல்லோபிளாஸ்டோமா என்னும் கட்டியில் செல்கள் நெருக்கியடித்து நிற்பதால் நீர் அசைய இடமிராது. பைலோசைட்டிக் அஸ்ட்ரோசைட்டோமா என்னும் கட்டியில் தாராளமாக அசையும். நீரின் அசைவைக் காட்டும் டிஃப்யூஷன் படத்தில் இந்த வித்தியாசம் தெரியும். முடிவைச் சொல்வது திசுப் பரிசோதனைதான் என்றாலும், கத்தி வைக்குமுன்பே சத்திரசிகிச்சை நிபுணர் ஆயத்தமாகலாம். முதுகுத்தண்டையும் அப்போதே படமெடுக்க வேண்டும். சத்திரசிகிச்சைக்குப் பிறகு எடுத்தால், கசிந்த இரத்தமே பரவிய நோய்போலத் தெரிந்து குழப்பும்.

இத்தனையும் பிள்ளை நேரத்தோடு ஸ்கேன் அறைக்குப் போய்ச் சேர்ந்தால்தான். ஆகவே மூன்று காரியம் கேட்கிறேன்.

பிரித்தானியாவில் 2011இல் தொடங்கிய ‘ஹெட்ஸ்மார்ட்’ இயக்கம் அறிகுறிகளைச் சிறு அட்டையில் அச்சிட்டுப் பெற்றோருக்குக் கொடுத்தது. அதுபோலத் தமிழில் ஓர் அட்டை தோட்ட வைத்திய உதவியாளர், குடும்பநல உத்தியோகத்தர், ஆசிரியர் கையில் இருக்கட்டும்.

டிக்கோயா, நாவலப்பிட்டி வைத்தியசாலைகளிலேயே கண்டிக்கோ கொழும்புக்கோ ஸ்கேன் திகதி குறித்துக் கொடுக்கட்டும்.

சின்னப் பிள்ளை ஆடாமல் அசையாமல் அரைமணி நேரம் படுக்காது. மயக்க மருந்து வேண்டும். அதற்குரிய வைத்தியர் வரும் நாளை முன்கூட்டியே சொல்லிவிட்டால், வெறும் வயிற்றோடு போன பிள்ளை வீணாகத் திரும்ப வேண்டியிராது. கொழுந்தெடுக்கும் தாய்க்கு அன்றைய வேலைப் பேர் பதிவு இல்லை என்றால் அன்றைய சம்பளமும் இல்லை.

புற்றுநோய் வந்த பிள்ளைகளில் 60 சதவீதத்தினரையாவது 2030க்குள் பிழைக்கவைக்க வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் இலக்கு வைத்தது. அந்தக் கணக்கில் தோட்டத்துப் பிள்ளைகளும் சேர, புது ஸ்கேன் இயந்திரத்துக்குக் காத்திராமல் இந்த மூன்றையும் இப்போதே செய்து தாருங்கள்.

இப்படிக்கு,
பொல்பிட்டியவிலிருந்து ஓர் ஆசிரியர்