வாயைத் திறக்காமல் ஆட ஓர் அகராதி

லாஸ் வேகாஸில் பிளாக்ஜாக் மேஜை முன்னால் உட்கார்ந்துகொண்டு, "இன்னொரு சீட்டு போடுப்பா" என்று எந்த பாஷையில் கத்தினாலும் டீலர் அசைய மாட்டார். விரலால் மேஜையை லேசாகத் தட்ட வேண்டும். போதும் என்றால், பந்தியில் பாயசம் வேண்டாம் என்று இலைக்கு மேல் கையை ஆட்டுவோமே, அந்த மாதிரி ஆட்ட வேண்டும். காரணம், கூரையில் இருக்கும் கேமரா. அதற்குக் கண் உண்டு, காது கிடையாது. "நான் கேட்கவே இல்லை ஸார், அவராகப் போட்டுட்டார்" என்று நாளைக்குத் தகராறு வந்தால் படத்தைப் போட்டுப் பார்ப்பார்களே!

பேரன் பேத்தியைப் பார்க்க அமெரிக்கா போகிற அப்பா அம்மாக்களை, கிராண்ட் கேன்யன் காட்டுகிற சாக்கில் வேகாஸில் ஒரு ராத்திரி தங்கவைப்பது பல வீடுகளில் சம்பிரதாயமாகிவிட்டது. அவர்களுக்காகத்தான் இந்த அகராதி. ஆடுவதற்கு இல்லை, பின்னால் நின்று வேடிக்கை பார்க்கவாவது பாஷை தெரிய வேண்டாமா? ஏற்கெனவே ஆடிப் பழகினவர்களும் படிக்கலாம். புரியாத வார்த்தையால் போகிற காசைவிட, புரிந்துவிட்டதாக நினைக்கிற வார்த்தையால் போகிற காசு அதிகம்.

ஆட்டம் ரொம்ப சுலபம். சீட்டுகளின் கூட்டுத்தொகை 21-ஐத் தாண்டாமல், டீலரைவிட அதிகமாக இருக்க வேண்டும். ராஜா, ராணி, ஜாக்கி எல்லாருக்கும் சமத்துவமாகப் பத்து. ஏஸ், சௌகரியத்தைப் பொறுத்து 1 அல்லது 11. பக்கத்து நாற்காலிக்காரர் உங்கள் எதிரி இல்லை. எல்லாருக்கும் பொது எதிரி டீலர்தான். (நெவாடா மாநிலத்தில் 21 வயது ஆகாதவர்களுக்கு 21 ஆட அனுமதி இல்லை என்பது உபரித் தகவல்.)

முதல் வார்த்தைகள் 'ஹிட்', 'ஸ்டாண்ட்'. ஹிட் என்றால் இன்னொரு சீட்டு. ஸ்டாண்ட் என்றால் போதும். ஹிட் கேட்டு 21-ஐத் தாண்டினால் 'பஸ்ட்'. அதாவது வெடித்துவிட்டீர்கள்.

இந்த வெடியில்தான் மொத்த வியாபாரமும் ஒளிந்திருக்கிறது. டீலருக்கு மூளையை உபயோகிக்க உரிமை இல்லை. 16 வரை இருந்தால் எடுத்தே ஆக வேண்டும். 17 வந்தால் பொதுவாக நின்றுவிட வேண்டும். 'அப்படிப்பட்ட அசட்டு ராமனிடமா தோற்பேன்?' என்று தோன்றும். ஆனால், முதலில் ஆட வேண்டியது நீங்கள். நீங்கள் வெடித்த மறுநிமிஷமே பந்தயப் பணத்தை டீலர் எடுத்துக்கொண்டு விடுவார். அப்புறம் அவரும் வெடித்தால்? "ரெண்டு பேரும் அவுட், சரிக்குச் சரி" என்று திருப்பித் தருவார் என்கிறீர்களா? ஊஹூம். போனது போனதுதான். சூதாட்ட விடுதியின் பளிங்குத் தரை, பூப்பூவாய்த் தண்ணீர் பீச்சும் குளம் எல்லாம் இந்த ஒரு விதியிலிருந்து வருகிற வருமானம்.

'சாஃப்ட்', 'ஹார்ட்' இரண்டும் கையின் சுபாவங்கள். ஏஸும் ஆறும் இருந்தால் சாஃப்ட் 17. அடுத்து எது வந்தாலும் வெடிக்காது; ஏஸ் தன் 11-ஐ விட்டுக்கொடுத்து 1 ஆகிவிடும். கூட்டுக் குடும்பத்து மூத்த மருமகள் மாதிரி. பத்தும் ஏழும் சேர்ந்த 17, ஹார்ட். அதற்கு விட்டுக்கொடுக்கிற சுபாவமே இல்லை.

'டபுள் டவுன்' என்றால் பந்தயத்தை இரண்டு மடங்காக்கி ஒரே ஒரு சீட்டு வாங்குவது. 11 வந்தால் பெரும்பாலும் இதுதான் உத்தமம். 'ஸ்ப்ளிட்' என்றால் ஜோடியாக வந்ததைப் பிரித்துத் தனிக்குடித்தனம் வைப்பது. இரண்டு ஏஸ், இரண்டு எட்டு வந்தால் தயங்காமல் பிரிக்கலாம். இரண்டு பத்தைப் பிரிப்பவர், நல்லா இருக்கிற குடும்பத்தைக் கெடுப்பவர்.

'புஷ்' என்பது சமநிலை. யாரும் யாரையும் தள்ளுவதில்லை. காசு அவரவர்க்கு.

இனி, பெயரிலேயே பொய் சொல்லும் வார்த்தைகள்.

டீலரின் திறந்த சீட்டு ஏஸ் என்றால், "இன்ஷூரன்ஸ்?" என்று அக்கறையாகக் கேட்பார். கேட்கும்போதே எல்.ஐ.சி. ஏஜென்ட் வீட்டுக்கு வந்த மாதிரி ஒரு பத்திர உணர்ச்சி வரும். உண்மையில் அது இன்ஷூரன்ஸே இல்லை. டீலரின் மூடிய சீட்டு பத்தா இல்லையா என்று தனியாகக் கட்டும் இன்னொரு பந்தயம். பத்தாக இருந்தால் ஒன்றுக்கு இரண்டு தருவார்கள். கணக்குப் போடுவோம். ஏஸ் முதல் ராஜா வரை 13 வகைச் சீட்டு. அதில் பத்து மதிப்புள்ளவை நான்கு. 13 தடவை ஒவ்வொரு ரூபாய் கட்டினால், சராசரியாக நான்கு தடவை ஜெயித்து 8 ரூபாய் வரும். ஒன்பது தடவை தோற்று 9 ரூபாய் போகும். 13 ரூபாய் கட்டி ஒரு ரூபாய் அம்பேல்!

இதன் தம்பிதான் 'ஈவன் மணி'. உங்கள் கையில் பிளாக்ஜாக், அதாவது முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் பத்தும். டீலரிடமும் ஏஸ். "அவருக்கும் பிளாக்ஜாக் வந்தால் சமநிலையாகிப் பரிசு போய்விடும். இப்போதே ஒன்றுக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்" என்பார்கள். தர்மப் பிரபு மாதிரி தெரியும். அதே இன்ஷூரன்ஸுக்கு வேறு சட்டை போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். 100 டாலர் பந்தயத்தில், மறுத்துவிட்டால் சராசரியாகக் கிடைப்பது கிட்டத்தட்ட 104. ஒப்புக்கொண்டால் 100.

'சரண்டர்' என்றால் பாதிப் பணத்தை விட்டுவிட்டு ஆட்டத்திலிருந்து விலகுவது. வார்த்தை கௌரவக் குறைச்சலாக இருப்பதால் பலர் சொல்ல மாட்டார்கள். உங்களிடம் 16, டீலரிடம் பத்து என்றால், எடுத்தாலும் நின்றாலும் பாதிக்கு மேல் தோல்விதான். அங்கே சரணாகதிதான் சாமர்த்தியம். இந்த வசதி எல்லா மேஜையிலும் இருக்காது. ஆட்டக்காரருக்கு லாபமான வார்த்தைக்கு அசிங்கமான பெயர், நஷ்டமான வார்த்தைக்கு அழகான பெயர். கவனித்தீர்களா?

எல்லாவற்றையும்விடப் பெரிய சாமர்த்தியம் மேஜை விரிப்பிலேயே அச்சடித்திருக்கும். பிளாக்ஜாக் வந்தால் பழைய வழக்கப்படி 3-க்கு 2 தர வேண்டும். அதாவது 100 கட்டினால் 150. இப்போது பல மேஜைகளில் 6-க்கு 5 என்று போட்டிருக்கிறார்கள். 'மூணைவிட ஆறு பெரிசு, ரெண்டைவிட அஞ்சு பெரிசு, பரவாயில்லையே!' என்று உட்காருகிறவர்களுக்கு 100-க்கு 120-தான். பிளாக்ஜாக் சராசரியாக 21 ஆட்டத்துக்கு ஒரு தடவை வரும். 25 டாலர் வீதம் மணிக்கு 60 ஆட்டம் ஆடுகிறவருக்கு, அந்தச் சின்ன எழுத்தால் மட்டும் மணிக்கு சுமார் 20 டாலர் நஷ்டம்.

'தேர்ட் பேஸ்' என்பது கடைசி நாற்காலி. அங்கே உட்காருகிறவர் பாவப்பட்ட ஜீவன். அவர் ஒரு சீட்டு அதிகமாகக் கேட்டு, டீலருக்கு நல்ல சீட்டு போய்விட்டால் மேஜையே அவரை முறைக்கும். அவர் புண்ணியத்தில் டீலர் வெடிக்கிற நாளும் அதே அளவு உண்டு. அன்றைக்கு யாரும் நன்றி சொல்வதில்லை.

இனி ஆட்டத்தையே ஆட்டிவைத்த வார்த்தை: 'கவுன்டிங்'.

1950-களில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த நான்கு இளைஞர்கள், மேஜைக் கணக்கு மெஷின்களைத் தட்டித் தட்டி, எந்தக் கைக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். 1956-ல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் இதழில் அது வெளியாயிற்று. இன்றைக்கு 'பேஸிக் ஸ்ட்ராடஜி' என்று சொல்வதற்கு அதுதான் ஆரம்பம். அதைப் படித்த எட்வர்ட் தார்ப் என்ற கணித ஆசிரியர், எம்.ஐ.டி.யின் ஐ.பி.எம். 704 கம்ப்யூட்டரில் கணக்கை ஒரு படி மேலே கொண்டுபோனார். போன சீட்டுகளை ஞாபகம் வைத்தால், மிச்சமிருக்கும் சீட்டுகளின் லட்சணம் தெரியும் என்பதே சூட்சுமம். 1962-ல் அவர் எழுதிய 'பீட் த டீலர்' புத்தகம் பரபரப்பாக விற்றது. 1964-ல் வேகாஸ்காரர்கள் பயந்துபோய் விதிகளை இறுக்க, சாதாரண ஆட்டக்காரர்களும் வருவதை நிறுத்த, சீக்கிரமே பழைய விதிகளுக்குத் திரும்பினார்கள்.

பிற்பாடு பிரபலமான 'ஹை-லோ' முறை குழந்தைக்கும் புரியும். 2 முதல் 6 வரை போனால் ஒன்று கூட்டு. பத்தும் ஏஸும் போனால் ஒன்று கழி. 7, 8, 9-ஐக் கண்டுகொள்ளாதே. கூட்டல் ஏறினால் மிச்சத்தில் பெரிய சீட்டு அதிகம், பந்தயத்தை ஏற்று. இதற்குப் பதிலாக அவர்கள் கையில் எடுத்தது 'ஷூ'. செருப்பு இல்லை, ஆறு அல்லது எட்டு கட்டுகளை ஒன்றாகக் கலந்து வைக்கும் பெட்டி. ஆறு கட்டென்றால் 312 சீட்டு. எண்ணுங்களேன் பார்ப்போம்!

எண்ணுவது குற்றமா? மனசுக்குள் எண்ணினால் அமெரிக்காவில் குற்றம் இல்லை. ஆனால், நெவாடாவில் மரியாதையாக வெளியே போகச் சொல்லலாம். நியூஜெர்சியில் கென் அஸ்டன் என்ற ஆட்டக்காரர் கோர்ட்டுக்குப் போக, எண்ணுகிறார் என்பதற்காக விடுதி தன்னிஷ்டப்படி ஒருவரைத் தடுக்க முடியாது என்று 1982-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. யோசித்துப் பாருங்கள்... தோற்கிறவரை யாராவது "போதும் ஸார், கிளம்புங்க" என்று வெளியே அனுப்பியதாகக் கேள்விப்பட்டதுண்டா?

அவருக்குக் கிடைப்பது 'காம்ப்'. இலவச அறை, இலவச சாப்பாடு. "இவ்வளவு நல்லவங்களா!" என்று நெகிழ வேண்டாம். 25 டாலர், மணிக்கு 60 ஆட்டம், நாலு மணி நேரம் என்றால் மேஜையில் புரண்டது 6,000 டாலர். சுமாராக ஆடுகிறவரிடம் விடுதிக்கு நூற்றுக்கு இரண்டு என்றால் எதிர்பார்க்கும் வரும்படி 120 டாலர். அதில் ஒரு பகுதிதான் உங்கள் தட்டில் இறாலாக வருகிறது. உலகத்திலேயே விலையுயர்ந்த ஓசிச் சாப்பாடு இது.

கடைசியாக, குடும்பங்களைக் கவிழ்த்த வார்த்தை 'மார்ட்டிங்கேல்'. தோற்கும்போதெல்லாம் பந்தயத்தை இரட்டிப்பாக்கு, ஒரு தடவை ஜெயித்தால் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்கிற சித்தாந்தம். 10, 20, 40, 80, 160, 320, 640... வரிசையாக ஏழு தோல்வி வந்தால் 1,270 டாலர் காலி. அடுத்து 1,280 கட்ட வேண்டும். அந்த நேரம் பார்த்து 'டேபிள் லிமிட்' என்று ஒரு பலகை கண்ணில் படும். இதற்கு மேல் கட்ட முடியாது! அப்படியே கட்டி ஜெயித்தாலும் மொத்த லாபம் எவ்வளவு தெரியுமோ? பத்தே பத்து டாலர். சூதுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கின வள்ளுவருக்கு இந்தப் பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்திருக்காது. தோற்றவன்தான் மேலும் மேலும் ஆடுவான் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது.

இத்தனை வார்த்தையில் மனப்பாடம் பண்ண வேண்டியது ஒன்றுதான். 'கலர் அப்.' எழுந்துபோகிறவர் சொல்வது. சில்லறை வில்லைகளை வாங்கிக்கொண்டு பெரிய வில்லைகளாகத் தருவார்கள். அதைக் காசாக மாற்றித் தரும் கவுன்டருக்குக் 'கேஜ்' என்று பெயர். கூண்டு!

கூண்டுக்குள் இருப்பது பணம்தான். வெளியே இருப்பது நாம்தான். அதை ஞாபகம் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடையைக் கட்டுங்கள். கிராண்ட் கேன்யனுக்கு விடிகாலையில் பஸ்.