துண்டுச் சீட்டும் மின்னொப்பமும்

கண்காணிகள் நம் கிராமங்களிலிருந்து ஆள் திரட்டிச் சிலரை மூணாறு மலைக்கும் பலரைக் கடல்தாண்டி இலங்கைக்கும் கூட்டிப்போன காலத்தில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 'துண்டு' என்றொரு காகிதம் புழங்கியது. இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை கையெழுத்திட்டுத் தரும் சீட்டு அது. கண்காணி அதை மடியில் செருகிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய், கூடுதல் முன்பணம் தரும் துரையிடம் நீட்டுவார். கைமாறக் கைமாறக் கடன் ஏறியது. சுமந்தது கொழுந்து பறித்த கைகள். 1921-இல் சட்டம் போட்டுத்தான் துண்டை ஒழிக்க முடிந்தது.

யார் பார்த்தாலும் செல்லுபடியாகும் கையெழுத்து இப்படித்தான் ஊர்சுற்றும். அதற்குக் கடிவாளமிடக் கணிதம் முனைந்தது வெகு பின்னால். ஒப்பமிட்டவர் ஒத்துழைத்தாலன்றிச் சரிபார்க்க முடியாத மின்னொப்பத்தை 1989-இல் டேவிட் சாமும் ஹான்ஸ் வான் ஆன்ட்வெர்பனும் முன்வைத்தார்கள். 1996-இல் மார்க்கஸ் யாகோப்சன், கசுயே சாகோ, ரஸ்ஸல் இம்பாக்லியாஸோ மூவரும் இன்னும் நுட்பமான வழி கண்டார்கள். 'இதைப் போட்டது நான். இல்லையேல் நீ' என்பதே அந்த ஒப்பம் சொல்லும் சேதி. தான் போடவில்லை என்பது பெற்றவருக்குத் தெரியும், ஆகவே நம்புவார். மூன்றாமவரோ, 'நீயே செய்துகொண்டதாக இருக்கலாமே' என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். துண்டு அவ்வகையாக இருந்திருந்தால் அடுத்த தோட்டத்தில் அது செல்லாக்காசு.

அழகான ஏற்பாடுதான். ஆனாலும் மூணாறு இருக்கும் இடுக்கி மலை வேறொரு காகிதத்தையும் நினைவூட்டுகிறது. 1999-இல் தேவிகுளம் தாலுகாவில் கொடுக்கப்பட்ட 'ரவீந்திரன் பட்டயங்கள்' என்ற நில ஆவணங்கள் 500-க்கும் மேற்பட்டவை. அவற்றில் கையெழுத்திட்ட அதிகாரி ரவீந்திரனுக்கு அதற்கான அதிகாரமில்லை என்ற வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டு, 2022-இல் கேரள அரசு அவற்றை ரத்து செய்ய உத்தரவிட்டது. பட்டயத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தவர்களுக்கு வேண்டியிருந்தது, வங்கியும் வில்லேஜ் ஆபீசும் நீதிமன்றமும் ஒருசேர ஒப்புக்கொள்ளும் கையெழுத்து. கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் 849-இலேயே அதற்கு வழி செய்திருந்தார்கள்: கூஃபி, பஹ்லவி, ஹீப்ரு எழுத்துகளில் சாட்சிகளின் ஒப்பங்கள். அந்தந்தச் சமூகத்தாரே படிக்கக்கூடியவைதான்; ஆனால் எல்லாம் ஒரே ஆவணத்தில், எல்லார் கண்ணுக்கும் எட்டும்படி.

யார் சரிபார்க்கலாம் என்பதைப் புதிய மின்னொப்ப முறையில் தீர்மானிப்பவர் ஒப்பமிடுபவர். நம் மலைகளின் சரித்திரத்திலோ ஒப்பமிட்டவர்கள் துரைகளும் தாசில்தார்களும். நம் முன்னோர் சீட்டை வாங்கிக்கொண்டவர்கள். ஆதார் அட்டையின் க்யூஆர் குறியில் உள்ள மின்னொப்பத்தை இன்று கேரள எல்லையிலுள்ள வாளையாற்றிலும் போடிமெட்டிலும் யாரும் சரிபார்க்கலாம். நாளை அந்த உரிமையைச் சிலருக்கென்று சுருக்கும் யோசனை வருமானால், அந்தச் சிலரில் அட்டைக்காரரும் ஒருவரா என்பதைத்தான் நாம் முதலில் கேட்க வேண்டியிருக்கும்.