பெட்ரோல் முள் படுத்துவிட்டதா? மீட்டரை மாற்ற அவசரம் வேண்டாம்!

டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தும் பழைய மாருதி 800-இல் முள் 'ஈ'-யிலேயே கிடக்கிறதா? உடனே மீட்டரை மாற்றுவது வீண் செலவு. டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து படுத்திருந்தால் முதலில் ஃப்யூஸைப் பாருங்க. அது நல்லா இருந்தால், சந்தேகம் டேங்க் பக்கம் திரும்பணும். உள்ளே மிதக்கும் ஃப்ளோட் ஏறி இறங்கும்போது மின்தடை மாறும். முள் காட்டுவது அதைத்தான். அங்கே எர்த் வயர் விட்டுப்போனால் நிறைந்த டேங்கும் காலிதான்! மாமல்லபுரம், கோவளம் என கடலோரத்தில் நிற்கும் கார்களை உப்புக்காற்று சும்மா விடாது. துருவைச் சுரண்டி, கனெக்டரைச் சுத்தம் செய்தாலே பல நேரம் முள் எழுந்துவிடும். மெக்கானிக்கிடம் இதை முதலில் செய்யச் சொல்லுங்க. டேங்கை வீட்டில் திறக்க வேண்டாம், பெட்ரோல் ஆவி ஆபத்து. அதுவரை டேங்கை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துவைங்க. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய்த் திரும்ப சுமார் 60 கி.மீ. ஆகும்.